அடிமை என்றொரு சொல்லும் அப்பாவின் போனும்

1

“நம்ம ஊர்ல நாம எந்தப் பக்கம்மா இருந்தோம்?”

என் மகள் இனியா இதைக் கேட்டு இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. பள்ளிக்கூட வாசலில், காரின் பின்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டே கேட்டாள். நான் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டுத் திரும்பாமல் அப்படியே நின்றிருந்தேன். பின்னால் காத்திருந்தவர் ஹார்ன் அடித்திருந்தால் அந்தச் சாக்கில் வண்டியைக் கிளப்பியிருப்பேன். ஆனால் ஆக்லாந்துக்காரர்கள் லேசில் ஹார்ன் அடிப்பதில்லை. அவர் பொறுமையாகப் புன்னகைத்துக்கொண்டிருப்பது கண்ணாடியில் தெரிந்தது. எனக்கு இன்னும் பதற்றமாகிவிட்டது.

அவள் கேட்டது கிரிக்கெட்டைப் பற்றி அல்ல, அடிமை முறையைப் பற்றி. அதற்கு இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை. எப்படி அந்தக் கேள்வி எங்கள் காருக்குள் ஏறியது என்பதை மட்டும் சொல்ல முடியும். அதில் முக்கால்வாசித் தப்பு என்னுடையதுதான்.

2

நாங்கள் இங்கே, நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு, வந்து ஆறு வருடம் ஆகிறது. கணவர் செந்தில் கணினி வேலையில் இருக்கிறார். மன்னார்குடியில் இரண்டு வருடம் கணக்கு டீச்சராக இருந்த நான் இப்போது பக்குரங்கா பகுதியில் ஒரு கிளினிக்கின் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். மூன்று வயதில் வந்த இனியாவுக்கு இப்போது ஒன்பது. நாம் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் வயது.

அதற்காக வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். மாலை ஆறரை மணிக்குச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் அரை மணி நேரம் தமிழ் மட்டும்தான். ஆங்கிலச் சொல் வந்தால் அப்பளம் கிடையாது. செந்தில்தான் அதிகமாக அப்பளம் இழந்தவர்.

போன மாதம் இனியாவின் வகுப்பில் ஒரு வேலை கொடுத்தார்கள். தலைப்பு, ‘ஒரு நாடு ஏன் இரண்டாகிறது?’ ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சீட்டு எடுக்க வேண்டும். சீட்டில் வரும் நாட்டைப் பற்றி முதலில் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் வீட்டு மொழியிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு ஆங்கிலத்தில் எழுதி, வெள்ளிக்கிழமை பெற்றோர் முன்னால் பேச வேண்டும். வீட்டு மொழி என்று படித்ததும் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. என் அப்பளச் சட்டத்துக்கு அரசாங்கமே முத்திரை குத்திய மாதிரி இருந்தது.

இனியா எடுத்த சீட்டில் அமெரிக்கா வந்தது.

அந்த உள்நாட்டுப் போரைப் பற்றிப் பள்ளியில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக மட்டுமே படித்தவள் நான். மத்தியானம் கிளினிக்கில் ஆள் இல்லாத நேரத்தில் வாசித்துக் குறிப்பெடுத்தேன். மாலையில் மேசையில் வைத்து விளக்கினேன்.

“வடக்குல தொழிற்சாலை. தெற்குல பருத்தி. அந்தப் பருத்திய பறிக்க, ஆப்பிரிக்காவுலேருந்து பிடிச்சிட்டு வந்தவங்களையும் அவங்க பிள்ளைங்களையும் அடிமையா வச்சிருந்தாங்க. புதுசா சேருற மாநிலத்துலயும் அடிமை வேணும்னு தெற்கு சொல்லுச்சு. அங்கல்லாம் கூடாதுன்னு வடக்கு சொல்லுச்சு. தெற்கால அடிமைகளை விட முடியல. விட முடியாம நாட்டையே விட்டுப் பிரிஞ்சு போச்சு. அதான் சண்டை.”

“விட முடியலையா?” என்றாள் இனியா.

“முடியல.”

“ட்ரை பண்ணாங்களா?”

“அப்பளம்!” என்றார் செந்தில், அவளுடைய அப்பளத்தை எடுத்துக்கொண்டே.

அவள் தலையை ஆட்டி எழுதிக்கொண்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. நான் ஒரு நல்ல டீச்சராக இருந்தேன் என்பது நினைவுக்கு வந்தது.

3

அடுத்த திங்கட்கிழமை வகுப்பாசிரியை ஹானாவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. இனியாவின் எழுத்தைப் பற்றி ‘ஒரு வீ சாட்’ வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார்.

இந்த ‘வீ’ எனக்கு முதல் வருடத்திலேயே பழக்கமான சொல். இங்கே அதற்குச் சின்னது என்று ஒரு பொருள், குழந்தைகள் ஒன்றுக்குப் போவது என்று இன்னொரு பொருள். இனியாவைச் சேர்த்த பாலர் பள்ளியில், அவளுக்கு ஒரு ‘வீ’ சிக்கல் என்று சொன்னார்கள். நான் உடனே வீட்டுக்கு ஓடி மாற்று உடை இரண்டு கொண்டுவந்தேன். அவளுடைய மதிய உணவு டப்பா திறக்க வரவில்லை என்பதுதான் அந்தச் சின்னச் சிக்கல்.

அதனால் இந்த முறை நிதானமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். நிதானமாக அன்று மத்தியானம் மூன்று முறை அந்த மின்னஞ்சலைப் படித்தேன். செந்திலுக்கு அனுப்பினேன். அவர் கட்டை விரலை மட்டும் அனுப்பினார்.

மறுநாள் பள்ளி முடிந்ததும் போனேன். ஹானா குட்டி நாற்காலியில் என்னை உட்கார வைத்தார். இனியா பக்கத்தில் நின்றாள்.

“கவலைப்பட ஒன்றுமில்லை. வீட்டில் எல்லாம் நலம்தானே?” என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். எல்லாம் நலம் என்று அவசரமாகச் சொன்னேன். அவர் தாளை என் பக்கம் திருப்பினார். அதில் இருந்ததைத் தமிழில் தருகிறேன். ஒரு சொல்லை மட்டும் அவள் எழுதியபடியே விடுகிறேன்.

“அமெரிக்காவின் தெற்கே நிறைய அடிக்டுகள் இருந்தார்கள். முதலாளிகள் அடிக்டுகளை வாங்கினார்கள், விற்றார்கள். அடிக்டுகள் வெயிலில் பருத்தி பறித்தார்கள். வடக்கு ‘நிறுத்து’ என்றது. தெற்கால் விட முடியவில்லை. அதனால் போர் வந்தது. எங்கள் வீட்டிலும் ஓர் அடிக்ட் இருக்கிறார். அது என் அப்பா. அம்மா தினமும் நிறுத்தச் சொல்கிறார். அவராலும் விட முடியவில்லை. ஆனால் அவர் பருத்தி பறிப்பதில்லை.”

4

எனக்குப் புரிய சில நொடிகள் ஆயின. புரிந்ததும் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது என்றும் தெரிந்தது.

எங்கள் வீட்டில் அடிமை என்ற சொல் தினமும் புழங்குகிறது. “எந்நேரமும் போனு. போனுக்கு அடிமையா நீங்க?” என்று செந்திலைக் கேட்பேன். “உங்கம்மா காபிக்கு அடிமை” என்று அவர் இனியாவிடம் கோள் சொல்வார். அவள் கார்ட்டூன் பார்த்தால் “அதுக்கு அடிமையாயிடாத” என்பேன். அவளுக்குத் தெரிந்த அடிமைகள், அதாவது ஒரு பழக்கத்தை விட முடியாத ‘அடிக்டு’கள், நாங்கள் மட்டும்தான். ‘ஸ்லேவ்’ என்ற ஆங்கிலச் சொல் அவளுக்குத் தெரியும். அதுதான் இது என்று நான் சொல்லவே இல்லை. சொன்னால் அப்பளம் போய்விடுமே!

போதாததற்கு அந்த ‘விட முடியவில்லை’ வேறு. போனை விட முடியவில்லை, காபியை விட முடியவில்லை, அடிமைகளை விட முடியவில்லை. நான் பயன்படுத்தியது ஒரே வினைச்சொல். பிள்ளை மேல் என்ன குற்றம்?

ஹானாவிடம் விளக்கத் தொடங்கினேன். பதற்றத்தில் என் ஆங்கிலம் தலைகீழாகிவிடும். “என் கணவர் அடிக்ட் இல்லை, போனுக்கு மட்டும்தான்” என்றேன். “என் மொழியில் அடிக்டும் ஸ்லேவும் ஒன்று” என்றேன். அதுவும் சரியாகப் படவில்லை. “இல்லை, ஒன்று இல்லை, சொல் மட்டும் ஒன்று” என்றேன். மனதுக்குள் வேறொன்று ஓடியது. எங்கள் நிரந்தர வசிப்புரிமை விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது. அதில் நன்னடத்தைக்கென்றே ஒரு பகுதி உண்டு. ஊரிலிருந்து போலீஸ் சான்றிதழ் வாங்கி ஒட்டியிருக்கிறோம். அதற்கு மேல் மகளே கைப்பட எழுதிய சாட்சியம்!

ஹானாவுக்குப் புரிந்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். “ஆல் குட், ஆல் குட்” என்றார். நானும் நிம்மதியில் கூடச் சேர்ந்து சிரித்தேன், கொஞ்சம் அதிகமாகவே. திரும்பிப் பார்த்தபோது இனியா மட்டும் சிரிக்கவில்லை. தாளை நான்காக மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

காரில் பிளாசா வணிக வளாகம் வரும்வரை ஜன்னல் கண்ணாடியில் விரலால் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். பிறகு ஆங்கிலத்தில், மெதுவாக, மரியாதையாகச் சொன்னாள்: “அம்மா, இனிமே எதுன்னாலும் எனக்கு இங்கிலீஷ்லயே சொல்லிடு. தமிழ்ல கேட்டா தப்பாப் போயிடுது. எல்லாரும் சிரிக்கிறாங்க.”

என்னை முட்டாளென்று அவள் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

5

அன்று மாலை ஆறரை மணி ஆங்கிலத்தில் நடந்தது. மறுநாளும் அப்படித்தான். அப்பளம் எல்லாருக்கும் தாராளமாகக் கிடைத்தது. யாருக்கும் அது ருசிக்கவில்லை.

என்னோடு கிளினிக்கில் வேலை செய்யும் கௌரி அக்காவிடம் புலம்பினேன். யாழ்ப்பாணத்துக்காரர். பாபகூராவிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி வருகிறவர். ஃபைல்களை அடுக்கியபடியே கேட்டுவிட்டு, முதலில் செந்திலைப் பற்றிய வரிக்கு நன்றாகச் சிரித்தார்.

“பருத்தி பறிக்கிறேல்லையாமே! பிள்ளை நல்லா எழுதியிருக்கு. ஆனா ஒண்டு சொல்லுறன், குறை நினையாதையும். உந்தச் சொல்லை நீங்கள் இந்தியாக்காரர் சும்மா சும்மா பாவிக்கிறியள். கோப்பிக்கு அடிமை, நாடகத்துக்கு அடிமை. எங்கட வீட்டில நான் ஒருக்காச் சொல்லப்போக அப்பா வாயில அடி போட்டவர். எங்கட ஊரில ஒரு காலம் அது உண்மையா ஆக்களுக்கு இருந்த பேர்.”

“எங்க ஊர்ல அப்படியெல்லாம் இல்லக்கா” என்றேன்.

“ஓமோ?” என்றார், அப்படியா என்பது போல. அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. “யோசியாதையும். நாலு நாளில தானா வந்து கதைப்பாள்” என்று முடித்துவிட்டார்.

இனியா பிளாசா நூலகத்தில் ஒரு தடித்த புத்தகம் எடுத்து வந்து தானே படித்துக்கொண்டிருந்தாள். செந்தில் தன் பங்குக்கு யூடியூபில் எதையோ பார்த்துவிட்டு வந்தார். “இனிக்குட்டி, அது மாநில உரிமைக்காக நடந்த சண்டைன்னும் சிலர் சொல்றாங்க. அதையும் போடு” என்றார்.

அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் ஆங்கிலத்தில் கேட்டாள்: “என்ன செய்யிற உரிமைப்பா?”

செந்தில் யோசித்தார். போனைப் பார்த்தார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “ஆமா, அதான்” என்றார்.

6

வெள்ளிக்கிழமை மத்தியானம் வகுப்பின் பின்சுவரை ஒட்டி நாங்கள் பெற்றோர் நின்றோம். அவள் என்ன எழுதியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. காட்டவில்லை. 

இனியா எழுந்து போய், வெள்ளைப் பலகையில் பெரிதாக ‘அடிமை’ என்று எழுதினாள். தமிழில். ‘மை’யின் கடைசி வளைவு கொஞ்சம் நீண்டுவிட்டது. அழித்துத் திரும்பச் சரியாக எழுதினாள்.

“இது என் மொழியில் ஒரு சொல்” என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். “இதற்கு ஸ்லேவ் என்றும் பொருள், அடிக்ட் என்றும் பொருள். நான் முதலில் தப்பாக எழுதினேன். அப்புறம் புத்தகம் படித்தேன். விற்கப்பட்டவர்கள் அடிக்டுகள் இல்லை. அவர்கள் எதற்கும் ஆசைப்பட்டு அங்கே போகவில்லை. முடிந்தவர்கள் வடக்கே ஓடிப்போனார்கள். ஆனால் என் தப்பில் ஒரு பாதி சரி. அடிக்டுகள் முதலாளிகள்தான். அவர்களுக்கு நிலம், வீடு, சாப்பாடு எல்லாமே அந்த மனிதர்களின் உழைப்பில் வந்தன. அதனால் விட முடியவில்லை. புது இடங்களுக்கும் அது வேண்டுமென்று கேட்டார்கள். கிடைக்காது என்று தெரிந்ததும் நாட்டை விட்டார்கள். அதை விடவில்லை. வடக்கும் ரொம்ப நல்ல பிள்ளை இல்லை. அந்தப் பருத்தியை வாங்கித்தான் வடக்கே துணி நெய்தார்கள்.”

மூச்சு வாங்கிக்கொண்டாள்.

“அந்த முதலாளிகள், ‘இவர்கள் எங்கள் குடும்பம் மாதிரி’ என்று சொன்னார்களாம். குடும்பம் என்றால் எப்படி விற்பார்கள் என்று எனக்குப் புரியவில்லை. முடிந்தது.”

கை தட்டினார்கள். செந்தில் எல்லாருக்கும் முன்னால் விசில் அடித்துவிட்டார். இங்கே யாரும் அப்படிச் செய்வதில்லை. நான் அவரைத் தடுக்கவும் இல்லை.

பிறகு கேள்வி நேரம். இனியாவின் சிநேகிதி மெலே, டோங்கா தீவுப் பெண், கையைத் தூக்கினாள்.

“உங்க குடும்பம் எந்தப் பக்கம்?”

“நாங்க அமெரிக்காவுல இல்லையே.”

“அது தெரியும். உங்க ஊர்ல கேட்கிறேன். உங்ககிட்ட அந்தச் சொல் இருக்கே. அப்ப அந்த ஆளுங்களும் இருந்திருக்கணும்ல?”

மெலே குத்திக் கேட்கவில்லை. கூட்டல் கணக்குப் போடுவது போலத்தான் கேட்டாள். இனியா பலகையில் தான் எழுதிய சொல்லை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு சுவரை ஒட்டி நின்ற என்னைப் பார்த்தாள்.

“அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்” என்றாள். மொத்த வகுப்பும் என்னைத் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தது. நானும் புன்னகைத்தேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

அதன் பிறகுதான் காரில் அந்தக் கேள்வி வந்தது. நான் முதலில் சொல்ல மறந்த செய்தி ஒன்று உண்டு. அவள் அதைத் தமிழில் கேட்டாள். ஹானாவைப் பார்த்துவிட்டு வந்த நாளுக்குப் பிறகு என்னிடம் அவள் பேசிய முதல் தமிழ் வாக்கியம் அதுதான்.

7

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவுக்குப் போன் செய்தேன். அங்கே காலை. காபி குடித்து, பேப்பர் படித்து முடித்திருப்பார். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓர் எறும்பை மிதித்தால்கூட ‘அடடா’ என்பவர். இனியா என்றால் உயிர்.

“அடிமையா? நம்ம வீட்லயா? சேச்சே. அதெல்லாம் அமெரிக்காவுலம்மா.”

“உங்க தாத்தா காலத்துல நெலம் இருந்தப்ப, பண்ணையில ஆளுங்க இருந்தாங்கல்லப்பா?”

“அது இருந்தாங்க. நாலு குடும்பம். நம்ம வீட்டு மனுசங்க மாதிரி. நல்லது கெட்டது எல்லாம் நாமதான் செய்வோம். ஒருத்தரும் நம்மள விட்டுப் போனதில்ல, தெரியுமா?”

வீட்டு மனுஷர்கள் மாதிரி. வெள்ளிக்கிழமை கேட்ட அதே வாக்கியம் மன்னார்குடிப் பேச்சில் என் காதுக்குள் வந்தது.

எனக்கும் ஒருவர் நினைவுக்கு வந்தார். தீபாவளிக்குத் தீபாவளி எங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கம் வந்து நிற்பார். அப்பாவைவிட இருபது வயதாவது பெரியவர். “வாடா, நல்லாருக்கியா?” என்று அப்பா அன்போடு கேட்டுப் புது வேட்டி கொடுப்பார். நானும் அவரை வா, போ என்றுதான் பேசுவேன். அப்போது எனக்கு இனியாவின் வயது. அதில் அன்பு இருந்தது என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் முன்வாசல் வழியாக அவர் ஏன் வந்ததில்லை என்று ஒருநாள்கூட நான் கேட்டதில்லை.

“அவங்க போகணும்னு நெனச்சிருந்தா போயிருக்க முடியுமாப்பா?”

அந்தப் பக்கம் காக்கை கத்தியது. 

“எங்க போவாங்கம்மா?” என்றார்.

பாசமாகத்தான் சொன்னார். சொல்லி முடித்ததும் அது அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். இரண்டு முறை செருமினார்.

“பாப்பா எதுக்கு இதைக் கேக்குது?”

“ஸ்கூல்ல கேட்டாங்கப்பா.”

“ஓ.” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. “நாலு குடும்பத்துல ரெண்டு பேரோட பேருதான் எனக்கு ஞாபகம் இருக்கு. அதுவும் நாங்க கூப்பிட்ட பேரு. அவங்க வீட்ல என்ன பேர் வச்சாங்களோ தெரியல. விசாரிச்சுப் பாக்குறேன்.” கடைசியில், போனை வைக்கும் முன் சொன்னார்: “பாப்பாகிட்ட என்னைப் பத்தித் தப்பா சொல்லிராதம்மா.”

திரும்பினால் சமையலறை வாசலில் இனியா நின்றிருந்தாள். கையில் பாதி கடித்த ஃபீஜோவா பழம்.

“தாத்தா என்னம்மா சொன்னாரு?”

இதுவும் தமிழில்.

“தாத்தா யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னாருடா” என்றேன். பொய் இல்லை. உண்மையும் இல்லை. “ஓகே” என்று சொல்லிவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு “சரி” என்று திருத்திக்கொண்டு போனாள்.

8

இன்று அடுத்த ஞாயிறு. மெலே வகுப்பில் தினமும் கேட்கிறாளாம். இனியா என்னிடம் தினமும் கேட்கிறாள், மேசையில், ஆறரை மணிக்கு. அப்பளச் சட்டம் திரும்பி வந்துவிட்டது. செந்தில் போனைச் சமையலறை இழுப்பறையில் வைத்துவிட்டு வந்து உட்காருகிறார். ‘அடிமை’ என்று இப்போது நாங்கள் யாரும் விளையாட்டுக்குச் சொல்வதில்லை. வாய் தவறிச் சொன்னால் இரண்டு அப்பளம் அபராதம். நேற்று நான் காபி விஷயத்தில் இரண்டு இழந்தேன்.

செந்தில் சொல்கிறார்: “சின்னப் பிள்ளை. அப்புறமா சொல்லிக்கலாம். கிளாஸ்ல போய் நம்மளைப் பத்திச் சொல்லிடுவா. எதுக்கு?” அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அவள் கிளாஸில் என்ன சொல்வாள் என்பது எனக்குப் பெரிய பயம் இல்லை. டிசம்பரில் அப்பா விசிட்டர் விசாவில் வருகிறார். விமான நிலையத்தில் அவரைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொள்ளும் பிள்ளை, ஒரு நொடி தயங்கி நின்றுவிடுமோ என்பது ஒரு பயம். நான் இன்று மழுப்பிவிட்டு, பதினாறு வயதில் அவள் ஆங்கிலத்தில் ஏதாவது புத்தகத்தில் நம் ஊரைப் பற்றிப் படித்துவிட்டு, ‘அம்மாகிட்ட தமிழ்ல கேட்டேன், தப்பாப் போயிடுச்சு’ என்று மறுபடியும் நினைத்துவிடுவாளோ என்பது இன்னொன்று. இரண்டில் எதற்கு அதிகம் பயப்பட வேண்டும் என்றே எனக்குத் தெரியவில்லை.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். ‘எங்கே போவார்கள்’ என்று அவள் தாத்தா சொன்னதை ஒன்பது வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? முழுதாகச் சொல்லலாமா? அப்பாவே வந்து சொல்லட்டும் என்று டிசம்பர் வரை காத்திருக்கலாமா? உங்கள் வீடுகளிலும் இப்படி நாலு குடும்பம் இருந்திருக்கலாம். அல்லது நீங்களே அந்த நாலு குடும்பங்களில் ஒன்றிலிருந்து வந்தவராக இருக்கலாம். அப்படியென்றால் உங்கள் பதில்தான் எனக்கு முதலில் வேண்டும்.

தயவுசெய்து எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். கொஞ்சம் பெரிய எழுத்தாக, சேர்த்து எழுதாமல் இடம் விட்டு எழுதினால் நல்லது. வீட்டுக்கு வரும் தமிழ்க் கடிதங்களை இப்போது இனியாதான் முதலில் பிரிக்கிறாள்.